அப்புறம் சேர்த்துக்கலாமுங்க: சொந்த இணையதளத்துக்கு வருங்கால வசதிகளைத் திட்டமிடுவது

சொந்தமாகக் கட்டிய இணையதளங்களில் நான் அதிகம் பார்க்கும் பக்கம் 'விரைவில்' பக்கம்தான். மெனுவில் ஆறு பட்டன் இருக்கும். முகப்பும் 'என்னைப் பற்றி'யும் திறக்கும். தேடல், வரைபடம், ஆங்கிலப் பதிப்பு, வாசகர் கருத்து என்று வேறு எதை அமுக்கினாலும் அதே வெள்ளைப் பக்கம்: 'விரைவில் வரும்'. கட்டி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெருந்துறை, திருச்செங்கோடு பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் பிளேஸ்மென்டுக்காகப் போட்ட தளமும் இப்படித்தான், பென்ஷன் வாங்கும் வாத்தியார் ஊர் வரலாறு எழுத ஆரம்பித்த தளமும் இப்படித்தான். கேட்டால் "அதெல்லாம் ஃபியூச்சர் பிளானுங்க" என்பார்கள்.

இதில் இரண்டு குழப்பம் கலந்து கிடக்கிறது. ஆசைப்பட்டதையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டால் அதுவே திட்டம் என்பது ஒன்று. "வெப்சைட்தானுங்களே, எப்ப வேணும்னாலும் சேத்திக்கலாம்" என்பது இன்னொன்று. பின்னதில் பாதி உண்மை இருக்கிறது. சில வசதிகளை ஒரு சாயங்காலத்தில் சேர்த்துவிடலாம். சிலவற்றை முதலிலேயே யோசிக்காமல் விட்டால், பின்னால் இருநூறு பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்திக்கொண்டு உட்கார வேண்டும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் திட்டமிடல் என்று பெயர். அதற்கு நிரல் (கோடு) எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## மாடிக்கு விடும் கம்பி

நம் பக்கம் தார்சு வீடு கட்டுகிறவர்கள் கையில் காசு இருக்கிற அளவுக்குக் கீழ்த்தளத்தை மட்டும் கட்டுவார்கள். ஆனால் கடைக்கால் போடும்போதே மேஸ்திரி கேட்டுவிடுவார்: "பின்னால மாடி எடுப்பீங்களா?" ஆமாம் என்றால் கடைக்கால் அதற்குத் தகுந்த மாதிரி அமையும், தூண் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேல் நீட்டி விட்டு வைப்பார்கள். மாடி அறைக்கான கதவை இப்போதே செய்து யாரும் அட்டாலியில் போட்டு வைப்பதில்லை. சுவருக்கு என்ன பெயின்ட் என்ற பேச்சும் அன்றைக்கு எழாது.

இணையதளத்திலும் பின்னால் மாற்ற முடியாதவை, எப்போது வேண்டுமானாலும் சேர்க்கக்கூடியவை என்று இரண்டு உண்டு. 'விரைவில்' பக்கம் வைத்திருப்பவர் மாடிக் கதவைச் செய்து நட்டு வைத்திருக்கிறார்; கம்பி விட்டாரா என்று பார்த்தால் பெரும்பாலும் இருக்காது.

## வேலை எங்கே நடக்கிறது

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். சென்னிமலைப் பக்கம் ஒருவர் பறவை பார்க்கிறவர். வெள்ளோடு சரணாலயத்துக்கும், திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும் போய் வந்து, பார்த்ததைப் படத்தோடு எழுதித் தன் தளத்தில் போடுகிறார். வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த பிறகு வாசகர்கள் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இப்போது தேடல் வேண்டும், எந்த ஊரில் எந்தப் பறவை என்று காட்டும் வரைபடம் வேண்டும், இருட்டு வண்ணம் வேண்டும், வாசகர் கருத்து வேண்டும், புதுப் பதிவு வந்தால் தகவல் போக வேண்டும்.

இந்த ஆசைகளைப் பிரிக்க ஒரே கேள்வி போதும்: இந்த வேலையை எந்தக் கம்ப்யூட்டர் செய்யப்போகிறது? மூன்று இடம்தான் உண்டு.

முதல் இடம், உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர். நீங்கள் எழுதிய குறிப்புகளை ஒரு சிறு நிரல் வாசித்து, முழு வலைப்பக்கங்களாக மாற்றிவிடும். அந்தப் பக்கங்களை அப்படியே மேலே ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. யார் வந்து கேட்டாலும் அதே கோப்பு போகும். இப்படி முன்கூட்டியே சமைத்து வைத்த தளத்துக்கு நிலைத்தளம் என்று பெயர். 2008-இல் வந்த ஜெக்கில், 2013-இல் வந்த ஹியூகோ எல்லாம் இந்த வேலையைச் செய்யும் கருவிகள். இரண்டும் இலவசம்.

இரண்டாவது இடம், வாசகரின் போனில் இருக்கும் பிரவுசர். பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே நடக்கும் வேலைகள் இவை. இருட்டு வண்ணம் இந்த வகை. போனில் ஏற்கெனவே டார்க் மோடு போட்டிருந்தால் பிரவுசர் அதைத் தெரிந்துகொள்ளும்; உங்கள் தளத்தின் வண்ணக் கோப்பில் நாலு வரி சேர்த்தால் போதும். இதற்கெல்லாம் திட்டமே தேவையில்லை.

மூன்றாவது இடம் சர்வர், அதாவது இராப்பகலாக எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர். நிலைத்தளத்துக்கும் சர்வர் உண்டு. ஆனால் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு அதன் வேலை தீர்ந்தது. வாசகர் எழுதுவதை வாங்கி வைக்க வேண்டும், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டும், மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்றால்தான் அது கணக்கு வைத்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. வாசகர் கருத்து இந்த வகை.

சுருக்கமாக: முதல் இரண்டு இடங்களில் நடப்பது செலவில்லாதது, கெட்டுப்போகவும் அதிகம் வழியில்லை. மூன்றாவது இடத்துக்குப் போகும் எந்த வசதியும் மாதாமாதம் உங்கள் கவனத்தைக் கேட்கும்.

## பின்னால் மாற்ற முடியாதவை

முதலாவது, ஒவ்வொரு பக்கத்தின் முகவரி. நீங்கள் ஒரு பதிவைப் போட்டதும் யாரோ அந்த இணைப்பை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த முகவரி உங்கள் கையில் இல்லை. பிறகு நீங்கள் தளத்தை அழகுபடுத்துகிறேன் என்று முகவரி அமைப்பை மாற்றினால், அந்த இணைப்பைத் தட்டுகிறவருக்கு 404 என்ற எண்தான் தெரியும். கேட்ட பக்கம் இங்கே இல்லை என்று பொருள். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே 1998-இல் இதை வற்புறுத்தி எழுதினார்: நல்ல முகவரி மாறாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடு உண்டு. அதற்குத் திருப்பிவிடுதல் என்று பெயர், எண் 301. ஆனால் அந்த அறிவிப்புப் பலகையைத் தளம் இருக்கும்வரை நீங்கள் காத்து நிற்க வேண்டும்.

அதனால் மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதீர்கள். 2008-இல் ஒருவர் காங்கேயம் மாடுகளைப் பற்றித் தளம் தொடங்கி, முகவரியில் முதலில் மாவட்டம், பிறகு ஊர் என்று 'ஈரோடு / காங்கேயம்' வைத்திருந்தார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாகி, காங்கேயமும் தாராபுரமும் அந்தப் பக்கம் போய்விட்டன. முகவரி பொய்யாகிவிட்டது. சர்க்கார் மாற்றினதுக்கு நாம் என்ன செய்வது என்று கேட்கலாம்தான். மாவட்டத்தை முகவரியில் எழுதாமல் இருந்திருக்கலாம். பயன்படுத்தும் கருவியின் பெயர், 'புதியவை' போன்ற பகுதிப் பெயர்கள் எல்லாமே இப்படிக் கழன்று போகக்கூடியவை. வருஷமும் ஒரு சிறு தலைப்பும் போதும்.

முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் 'ஈரோடு' என்ற சின்னச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு அதில் ஐந்து குறிகள்: ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகரக் குறி. தமிழில் ஒரு குறி மூன்று பைட் (கம்ப்யூட்டர் சேமிப்பின் சிறு அலகு) எடுக்கும். இணைப்பை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் பெரும்பாலும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக 5 × 3 × 3, மொத்தம் 45 எழுத்து. மூன்று சொல் தலைப்பு வைத்தால் வாட்ஸ்அப்பில் நாலு வரிக்குக் குப்பை மாதிரி ஓடும். எனக்கு இதில் ரோமன் எழுத்துதான் சரி என்று படுகிறது. தமிழ்ப் பற்றைத் தலைப்பிலும் கட்டுரையிலும் காட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, டொமைன், அதாவது தளத்தின் சொந்தப் பெயர். இது விலைக்கு வாங்குவது போலத் தோன்றினாலும் உண்மையில் வருஷ வாடகை. ஒரு தடவையில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் கட்ட முடியும். யாரோ ஒரு கம்பெனியின் பெயருக்குக் கீழே இலவசமாக இடம் வாங்கித் தளம் நடத்தினால் அந்தக் கம்பெனி மூடும்போது முகவரியும் போய்விடும். 2009-இல் யாகூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது ஏராளமான சொந்தத் தளங்களுக்கு இதுதான் நடந்தது. சொந்த டொமைன் இருந்தால் பின்னால் எந்த இடத்துக்கு மாறினாலும் முகவரி மாறாது. பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். "தம்பிதான் போட்டுக் குடுத்தான், அவன் பேர்லதான் இருக்குதுங்க" என்ற பதில் எனக்குப் பழகிப்போய்விட்டது.

மூன்றாவது, எழுத்தைச் சேமிக்கும் வடிவம். 1990-களின் கடைசியில் தமிழ்த் தளம் வைத்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துருவை இறக்கிப் போடாதவருக்குப் பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரியும். யுனிகோடு, அதாவது உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொது ஏற்பாடு, 1991-லேயே தமிழையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு மாறாமல் விட்ட பழைய பக்கங்களை இன்று திறந்தால் வாசிக்க முடியாது. இன்றைக்கு யுனிகோடு தானாகவே வந்துவிடுகிறது. இன்றைய ஆபத்து வேறு: பதிவுகள் எல்லாம் ஏதோ ஒரு ஆப்புக்குள் மாட்டிக்கொள்வது. எழுத்தைச் சாதாரண உரைக் கோப்பாக உங்கள் மெஷினில் ஒரு பிரதி வைத்திருந்தால், எந்தக் கருவி செத்தாலும் பதிவு பிழைக்கும்.

சுருக்கமாக: முகவரி, டொமைன், உரைக் கோப்பு. முதல் வாரத்திலேயே முடிவு செய்ய வேண்டியவை இந்த மூன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதற்குத் தனி இடம் வேண்டும்.

## வசதியைக் கட்டாதீர்கள், விவரத்தை எழுதி வையுங்கள்

பறவைக்காரரின் வரைபட ஆசைக்கு வருவோம். வரைபடத்தைப் பின்னால் கட்டுவது பெரிய வேலையல்ல. அதில் எதைக் குத்தி வைப்பது என்பதுதான் வேலை. எந்தப் பதிவு எந்த இடத்தைப் பற்றியது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும், கட்டுரை நடுவே "காலங்காத்தால வெள்ளோட்டுக்குப் போனோம்" என்று எழுதியிருந்தால் அதற்குப் புரியாது.

ஆகவே ஒவ்வொரு பதிவின் தலையிலும் சில வரிகள்:

தேதி: 2024-12-15
இடம்: வெள்ளோடு
பறவை: கூழைக்கடா, நீர்க்காகம்

இதற்கு மேல்விவரம் என்று பெயர். வாசகருக்கு இது தெரிய வேண்டியதே இல்லை. எழுத அரை நிமிஷம் ஆகும். மாடிக்கு விடும் கம்பி என்றால் இணையதளத்தில் இதுதான். இது இருந்தால் நாளைக்கு வரைபடம், பறவை வாரியான பட்டியல், 'போன வருஷம் இதே மாதம்' என்ற பக்கம் எல்லாம் வரும். இல்லாவிட்டால் எதுவும் வராது.

ஒழுங்கு முக்கியம். வடமுகம் வெள்ளோடு ஊரில் பெரியகுளம் என்ற ஏரியில் அமைந்தது அந்தச் சரணாலயம். ஒரு பதிவில் 'வெள்ளோடு', அடுத்ததில் 'பெரியகுளம்', இன்னொன்றில் 'வடமுகம் வெள்ளோடு' என்று எழுதினால் ஊர்க்காரருக்கு ஒரே இடம், கம்ப்யூட்டருக்கு மூன்று இடம். ஒரு தனிக் கோப்பில் இடப்பெயர்களை ஒருமுறை முடிவு செய்து எழுதி, அங்கிருந்தே எடுத்துப் போடுங்கள். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் அதே கோப்பில் ஒரே தடவை எழுதிவிட்டால் ஆயிற்று. தேதியை 03/04 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று மூன்று வருஷம் கழித்து உங்களுக்கே தெரியாது. வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பமும் இல்லை, வரிசைப்படுத்துவதும் தானாக நடக்கும்.

படத்துக்கும் இப்படியே. மூலப் படத்தை வீட்டில் வைத்துக்கொண்டு சுருக்கிய பிரதியைத் தளத்தில் போடுங்கள். நிலைத்தளங்களுக்கு இலவசமாக இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் தளத்துக்கு 1 ஜிபி வரைதான்; 4 எம்பி படமாக அப்படியே ஏற்றினால் 250 படத்தில் நிரம்பிவிடும். இன்னொரு சங்கதி: போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் ஒளிந்திருக்கலாம். கூடு வைத்த மரத்தையோ உங்கள் தோட்டத்துச் சாளையையோ ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். சுருக்கும்போதே அதை நீக்கிவிடுங்கள்.

## தமிழில் தேடல் என்ற சிக்கல்

தேடல்தான் எல்லோரும் முதலில் கேட்பது. நிலைத்தளத்திலும் தேடல் வைக்கலாம். பக்கங்களைத் தயாரிக்கும்போதே எந்தச் சொல் எந்தப் பதிவில் இருக்கிறது என்று ஒரு கோப்பும் சேர்ந்து தயாராகும். வாசகரின் பிரவுசர் அதை இறக்கித் தேடிக்கொள்ளும். இந்தக் கோப்புக்குத் தேடல் அட்டவணை என்று பெயர்.

இங்கிலீஷ் தளங்களுக்கு எழுதிய தேடல் கருவியை அப்படியே கொண்டுவந்து வைத்தால் தமிழில் பாதிதான் வேலை செய்யும். வாசகர் 'குளம்' என்று தேடுகிறார். உங்கள் பதிவில் 'குளத்தில்', 'குளத்துக்கு', 'குளத்தங்கரை' என்றுதான் இருக்கிறது. ஒன்றும் கிடைக்காது. 'கொக்கு' என்று தேடினால் 'கொக்கைப் பார்த்தோம்' வராது, கடைசி உகரம் ஐகாரமாகிவிட்டதே. 'மஞ்சள்' என்று தேடினால் 'மஞ்சளில்' தப்பிப்போகும், ஏனென்றால் கடைசிப் புள்ளி அங்கே இல்லை. இதைவிடக் கள்ளத்தனமான ஒன்று உண்டு. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடலுக்கு வேறு வேறு. பக்கம் தயாரிக்கும்போதும், தேடும் சொல்லை வாங்கும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தால் பின்னது தீர்ந்துவிடும். முன்னது அவ்வளவு லேசில்லை. தமிழ்ச் சொல்லின் வேரைப் பிரிப்பது தனிக் கலை.

ஆனால் மேல்விவரம் ஒழுங்காக இருந்தால் அந்தக் கலை தெரியாமலே சமாளிக்கலாம். அங்கே 'கொக்கு', 'வெள்ளோடு' என்று வேற்றுமை உருபு ஒட்டாத சொல்தான் இருக்கும். தேடலைத் தலைப்பிலும் மேல்விவரத்திலும் மட்டும் நடத்துங்கள். அட்டவணையும் சிறிதாகும். ஒரு பதிவு 500 சொல், ஒரு சொல் 8 குறி, ஒரு குறி 3 பைட் என்று வைத்தால் பதிவுக்கு 12 கேபி. 200 பதிவின் முழு உரையையும் அட்டவணையில் வைத்தால் 2.4 எம்பி. மேல்விவரம் மட்டும் என்றால் பல மடங்கு குறையும்.

## கணக்கு வைக்கும் வசதிகள்

வாசகர் கருத்துப் பெட்டி வைத்தால் முதலில் வருவது வாசகர் அல்ல, விளம்பரக் குப்பை போடும் இயந்திரங்கள். அவற்றை அள்ள வேண்டும், சர்வரில் ஓடும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், யாராவது யாரையாவது திட்டி எழுதியிருந்தால் எடுக்க வேண்டும். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் பெட்டி நாறிக் கிடக்கும். பத்துப் பேர் கருத்து எழுதும் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். நல்ல கடிதங்களை, அவர்கள் சம்மதித்தால், நீங்களே பதிவின் கீழே சேர்க்கலாம்.

புதுப் பதிவு வந்த தகவலை மின்னஞ்சலில் அனுப்பினால் மற்றவர் முகவரிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பு வந்து சேரும். அதற்கு மாற்று 1999-லிருந்தே இருக்கிறது: ஆர்எஸ்எஸ், அதாவது கடைசிப் பதிவுகளின் பட்டியலைத் தாங்கிய ஒரு கோப்பு. வேண்டியவர் தன் செயலியில் சேர்த்துக்கொள்வார், நீங்கள் யாருடைய முகவரியையும் வைத்திருக்க வேண்டாம். நம் ஊரில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது உண்மைதான். இங்கே வாசகர் வருவது வாட்ஸ்அப் வழியாக. எனவே இணைப்பை ஒட்டியதும் தலைப்பும் படமும் ஒரு அட்டையாகத் தெரிய, பக்கத்தின் தலையில் சேர்க்க வேண்டிய மூன்று நாலு வரிகளை முதலில் சேருங்கள். ஃபேஸ்புக் 2010-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இன்று வாட்ஸ்அப்பும் அதைத்தான் வாசிக்கிறது. மெனுவில் இதற்கெல்லாம் பட்டன் கிடையாது, ஆனாலும் என் கணக்கில் தேடலைவிட இதற்குத்தான் பலன் அதிகம்.

வருகைக் கணக்கு? வேண்டாம். எண் ஏறினாலும் இறங்கினாலும் எழுதும் வேலை கெடும்.

## திட்டத்தை எப்படி எழுதுவது

ஒரு உரைக் கோப்பு போதும். ஒவ்வொரு ஆசைக்கும் நாலு விஷயம் எழுதுங்கள்: கேட்டது யார், வேலை எங்கே நடக்கும், இன்றைக்கு என்ன எழுதி வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது. பறவைக்காரரின் கோப்பில் ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"வரைபடம். கேட்டது: வாசகர் இருவர். வேலை: பிரவுசரில், ஆனால் வரைபடப் படங்கள் வேறொருவர் சர்வரிலிருந்து வரும். இன்றைக்கு: இடப்பெயர்க் கோப்பு, பழைய பதிவுகளுக்கு மேல்விவரம், வாரத்துக்குப் பத்து. எடுப்பது: ஒரே ஒரு பக்கம்தான், எடுத்தால் அந்த முகவரியை இடப் பட்டியலுக்குத் திருப்பிவிடு."

'கேட்டது யார்' என்ற வரியில் 'நானே' என்று வந்தாலும் தப்பில்லை, சொந்தத் தளம்தானே. 'எல்லாத் தளத்துலயும் இருக்குது' என்று வந்தால் மட்டும் அடித்துவிடுங்கள். கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை, அதை விடாதீர்கள். எடுக்கும் வழி தெரியாத வசதி தளத்தின் ஏதோ ஒரு மூலையில் பிய்ந்து தொங்கிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கோப்பு உங்கள் மெஷினில் இருந்தால் போதும், வாசகர் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே மெனுவிலிருந்து அந்த நாலு 'விரைவில்' பட்டன்களையும் எடுத்துவிடலாம். அந்தப் பக்கங்களுக்கு யாரும் இணைப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள், திருப்பிவிடும் வேலைகூட இல்லை.